மூன்றில் ஒரு பங்கு மருந்து

அன்று புதன்கிழமை. புதன்கிழமைகளில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் மெஷின் இருக்காது. தடுப்பூசி போட ஊருக்குள் போகும் கிராம சுகாதார நர்ஸ் அதைத் தன்னோடு எடுத்துப் போய்விடுவார். உருப்படியாக எடை காட்டியது அந்த ஒன்றுதான். இன்னொன்று முந்தைய வருட மழையில் வராந்தாவில் தண்ணீர் ஏறியபோது நனைந்துபோய், யார் ஏறினாலும் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு மூலையில் கிடந்தது.

கும்மிடிப்பூண்டிக்கும் தேர்வாய் கண்டிகைக்கும் நடுவில் உள்ள ஓர் ஊரில் நான் அரசு டாக்டர். வீடு பொன்னேரியில். காலையில் புறநகர் ரயிலில் நின்றபடியே கும்மிடிப்பூண்டி வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் இடத்தில் ஐந்தாவது ஆளாக ஒடுங்கி உட்கார்ந்து, சுகாதார நிலையத்துக்குள் நுழையும்போதே பாதி நாள் வேலை செய்து முடித்த மாதிரி இருக்கும். நான் சொல்லப்போவது மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் நடந்தது. அந்த வேலையில் எனக்கு அது பத்தாவது வருடம்.

மழைக்காலத்தில் வரும் கூட்டத்தில் பாதி குழந்தைகள்தான். இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை மழையில் மேலே போகாமல் வீடுகளின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். இருமாத குழந்தையே கிடையாது. எது புகையால் வந்த இருமல், எது வைரஸ், எது ஆன்டிபயாட்டிக் கொடுத்தே ஆகவேண்டிய கிருமி என்று பிரித்துப் பார்க்க ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடமாவது வேண்டும். எனக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்திலும் பின்னால் நிற்பவர் தன் சீட்டை மேஜை மேல் நீட்டிக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு இரண்டு நிமிடத்தில்தான் அந்தப் பெண் தன் குழந்தையோடு எதிரில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கம்பெனி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது, ஷிப்டின் நடுவில் பெர்மிஷன் போட்டு வந்திருப்பாள் போல. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை என்று பிறகு தெரிந்தது. மடியில் மூன்றரை வயதுப் பெண் குழந்தை. மழைக்காக ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர், தலையில் குல்லா.

"ரெண்டு நாளா ஜொரம் மேடம். நாஷ்டா வச்சா வாயத் தொறக்கவே மாட்டேங்குது. முழுங்கறப்போ அழுவுது."

டார்ச் அடித்துப் பார்த்தேன். தொண்டை சிவந்து, உள்நாக்கின் இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. தொண்டையிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றி நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஸ்வெட்டரின் கீழே கையை விட்டு முதுகில் ஓரிடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். குழந்தை அழுததில் அழுகைதான் கேட்டது.

"எடை எவ்ளோம்மா?"

"அங்கன்வாடில போட்டாங்க மேடம். பதினொண்ணு."

எப்போது போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. சீட்டில் பதினொன்று என்று எழுதினேன். அதன் கீழே ஆன்டிபயாட்டிக் சிரப் ஐந்து மில்லி, மூன்று வேளை, ஐந்து நாள் என்று எழுதினேன். எழுதினேன் என்று சொல்வதைவிட என் கை எழுதியது என்று சொல்லலாம். ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்திலிருந்து தொண்டைப் புண்ணோடு வரும் சின்னக் குழந்தைக்கு என் கை அப்படித்தான் எழுதி வந்தது. பதினொரு கிலோ குழந்தைக்கு, சாதாரணத் தொண்டைப் புண்ணுக்கு, அது தப்பான அளவும் இல்லை.

மருந்தாளுநர் பாட்டிலில் இருந்த பொடியில் கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மூடியில் அளவைக் காட்டிக் கொடுத்து அனுப்பினார். அதற்குள் என் எதிரில் வேறு ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை அவள் திரும்ப வந்தாள். வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே வந்தாள். யாரோ பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். குழந்தை அவள் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தது. அழவில்லை. அழாத குழந்தையைப் பார்த்ததும் எழுதிக்கொண்டிருந்த சீட்டை ஒதுக்கிவைத்தேன்.

"ஜொரம் உடவே இல்ல மேடம். மூச்சு வாங்குது."

"மருந்து ஒழுங்கா குடுத்தியா?"

அவள் குழந்தையின் ஸ்வெட்டரை இழுத்துவிட்டாள். அது போதுமாக இருந்தது எனக்கு.

"குடுத்தேன் மேடம். காலைல குடுத்தேன், ராவுக்குக் குடுத்தேன். மத்தியானம் மட்டும்..."

"மத்தியானம் மட்டும்?"

"நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட் மேடம். அஞ்சு மணிக்கே கம்பெனி பஸ் வந்துடும். பக்கத்து ஊட்டு அக்கா கிட்ட பாட்டில குடுத்துட்டுப் போனேன். மொத நாளு குடிச்சதும் வாந்தி எடுத்துச்சாம். அக்கா பயந்துகினு அப்புறம் குடுக்கல. எனக்கு நேத்துதான் சொன்னாங்க."

எனக்கு அப்போது வந்த கோபத்தை இப்போதும் ஞாபகம் வைத்திருக்கிறேன். வராந்தா வரைக்கும் கூட்டம் நின்றது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினேன். ஆன்டிபயாட்டிக் என்றால் விளையாட்டா, ஒரு வேளை விட்டால் கிருமி சாகுமா, பெற்ற குழந்தைக்கு மருந்து கொடுக்க முடியாத அளவுக்கு என்ன வேலை என்று கேட்டேன். கடைசிக் கேள்வியைக் கேட்டது நான்தான் என்பதை நம்புவது இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நானும் என் இரண்டு பிள்ளைகளையும் ஜுரத்தோடு அடுத்தவர் வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறியவள்தான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன். விலா எலும்புகளுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்ளே குழிந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு அறுபத்திரண்டு மூச்சு. வலது பக்கம் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் எதுவுமே கேட்கவில்லை. நுரையீரலில் நோய் இறங்கிவிட்டது. சுற்றிலும் நீரோ சீழோ கட்டியிருக்கலாம்.

சிஸ்டர் ஆக்சிஜன் வைத்தார். ஊசி மருந்தின் முதல் டோஸ் போட எடை வேண்டும் என்றேன். அன்று மெஷின் இருந்தது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெஷின் மேல் ஏறினாள், பிறகு தனியாக ஏறினாள். சிஸ்டர் கழித்துச் சொன்னார்.

"பதினாலு, டாக்டர்."

பதினான்கு கிலோவுக்குக் கணக்குப் போட்டு ஊசி போட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது. சென்னையில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவள் ஏறும்போது ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆவாதில்ல மேடம்?" என்று கேட்டாள். "போம்மா, நேரம் ஆகுது" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

கூட்டம் முடியும்போது மணி ஒன்றரை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மேஜையை ஒதுக்கினேன். அவசரத்தில் அவள் விட்டுப்போன பழைய சீட்டு அங்கே கிடந்தது. என் கையெழுத்து. பதினொன்று. ஐந்து மில்லி. மூன்று வேளை.

சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பேனாவால் கணக்குப் போட்டேன். குழந்தைகளுக்கு மருந்தை வயதுக்குக் கொடுப்பதில்லை, எடைக்குக் கொடுக்கிறோம். அதே மருந்து, அதே குழந்தை என்றாலும் தொண்டைக்கு வேண்டியது ஓர் அளவு, நுரையீரலுக்கு வேண்டியது அதைவிட இரண்டு பங்குக்கும் மேல். பதினான்கு கிலோவால் பெருக்கினேன். நுரையீரலுக்கான அளவைப் போட்டேன். ஒரு நாளைக்கு வந்த அளவை, நான் எழுதிக் கொடுத்த அளவோடு ஒப்பிட்டேன். மறுபடி போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வந்தது. அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நான் எழுதியிருந்தேன். மத்தியான வேளை ஒன்றுகூடத் தவறாமல் போயிருந்தாலும் அவ்வளவுதான் அதன் உடம்புக்குள் போயிருக்கும்.

சாப்பாட்டு டப்பாவை மூடினேன். சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வார்டில் இருந்த டாக்டர் இளம்பெண் போல. நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறது, குழாய் போட்டிருக்கிறோம், ஊசி மருந்து ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, "வெளிய குடுத்த டோஸ் ரொம்ப கம்மி மேடம்" என்று சேர்த்துச் சொன்னாள். கொடுத்தது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. "ஆமாம்" என்றேன். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் செய்தேன். ஜுரம் விடவில்லை, விட்டுவிட்டு வருகிறது, இன்றைக்கு இல்லை, குழாயை எடுத்துவிட்டோம், சாப்பிடுகிறது. பதினேழாவது நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பதினேழு நாளும் நான் ஒழுங்காகத் தூங்கினேன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். வேலைக் களைப்பு அப்படி. படுத்தால் தூக்கம் வந்துவிடும். காலையில் ரயிலில் நிற்கும்போதுதான் எல்லாம் நினைவுக்கு வரும். கவரைப்பேட்டை தாண்டி இரண்டு பக்கமும் நெல் வயல்களில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே, சொல்ல வேண்டுமா, சொல்ல வேண்டாமா என்று யோசிப்பேன். கும்மிடிப்பூண்டி வந்துவிடும். இறங்கி ஓட வேண்டியிருக்கும்.

கூடப் படித்த தோழி ஒருத்தி திருவள்ளூரில் குழந்தை மருத்துவர். அவளிடம் மட்டும் போனில் சொன்னேன்.

"தொண்டைன்னு நெனச்சு எழுதின. தொண்டைக்கு அது சரிதான். அந்தம்மாவும் எடையத் தப்பா சொல்லியிருக்கா, மத்தியான டோஸும் போகல. மூணுல எதுன்னு நீ எப்படிச் சொல்லுவ?" என்றாள். "இப்ப போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? நாளைக்கு நாலு பேர் வந்து வாசல்ல நிப்பாங்க. புள்ள பொழச்சிடுச்சில்ல, விடு."

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நான் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

கிராம சுகாதார நர்ஸ்தான் என்னை விட விடாமல் செய்தார், அவருக்கே தெரியாமல். அந்தக் குழந்தை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டே சொன்னார்: "குழந்தை நல்லாதான் கீது டாக்டர். அந்தப் பொண்ணுதான் பாவம். வேலைய வுட்டு நின்னுட்டா. அவ ஊட்டுக்காரன் அவகிட்ட பேசறதே இல்லியாம். மருந்து குடுக்காம புள்ளையக் கொல்லப் பாத்தவன்னு அந்த லைன் வீட்டுல எல்லாம் அவளத்தான் சொல்லிக்கினு கீறாங்க. அன்னிக்கி ஓ.பி.ல நின்னவங்க எல்லாம் அங்கதானே இருக்காங்க. அவளும் ஆமா, என்னாலதான்னு சொல்லிக்கினு அழுவுறா."

நர்ஸ் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "அடுத்த வாரம் அந்தப் பக்கம் போறப்ப நானும் வரேன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பத்து வருடத்தில் நான் அப்படி வீட்டுக்குப் போனது இரண்டு தடவையோ மூன்று தடவையோதான்.

தொழிற்பேட்டை மதிலுக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே வரிசையாக ஆறு வீடுகள், ஆறு கதவுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். பகல் பதினொரு மணி. நர்ஸ் இரண்டு வீடு தள்ளி ஒரு கர்ப்பிணியைப் பார்க்கப் போனார். குழந்தையின் அம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். பயந்துவிட்டாள் என்று தெரிந்தது.

"புள்ளைக்கு எதுனா ரிப்போர்ட்டு வந்துச்சா மேடம்?"

"இல்லம்மா. அது நல்லா இருக்கு. உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டாள். குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து ஒரு டப்பாவில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொட்டிக்கொண்டிருந்தது. இளைத்திருந்தது. சட்டை விலகி, குழாய் போட்ட இடத்தில் சின்னப் பிளாஸ்திரி தெரிந்தது. அது என்னைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

ரயிலில் வரும்போது யோசித்து வைத்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. கைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தேன்.

"இது அன்னிக்கி நான் உனக்கு எழுதிக் குடுத்தது. நான் எழுதின அளவே கம்மிம்மா."

"கம்மின்னா?"

"உன் பொண்ணு எடைக்கும் அந்த நோய்க்கும் மூணு பங்கு மருந்து வேணும்னா, நான் ஒரு பங்குதான் எழுதியிருந்தேன். நீ மூணு வேளையும் தவறாம குடுத்திருந்தாலும் பத்தியிருக்காது."

அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். அதில் அவளுக்குப் புரிய ஒன்றும் இல்லை.

"பதினொண்ணுன்னு நான்தானே மேடம் சொன்னேன்?"

"நீ சொன்ன. எடை போட்டுப் பாக்க வேண்டியது நான். நெஞ்சையும் சரியாப் பாக்கல. தொண்டைன்னு நெனச்சிட்டேன்."

"மத்தியானம் குடுத்திருந்தா?"

"குடுத்திருந்தாலும் இதே மாதிரி ஆகியிருக்கும்னுதான் நினைக்கறேன். உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. ஆனா உன்னாலதான் ஆச்சுன்னு நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

தண்ணீர்க் குழாயடியில் யாரோ குடத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"அன்னிக்கி அத்தினி பேரு முன்னாடி கேட்டீங்க மேடம்," என்றாள். குரல் உயரவே இல்லை. "இப்ப எங்கிட்ட மட்டும் சொல்றீங்க."

முகம் சுட்டது. அவள் சொன்னது சரி என்பது அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

"யார் கிட்ட சொல்லணும், சொல்லு. சொல்றேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். அவள் கணவன் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பும் சத்தம் கேட்டது. "எந்திரி. டாக்டரம்மா வந்துகினு கீறாங்க. எந்திரிச்சி வா." பனியனோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவன், என்னைப் பார்த்ததும் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினான்.

"சொல்லுங்க மேடம்," என்றாள் அவள். "எங்கிட்ட சொன்னத அப்படியே இவருகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தால் அப்படி இல்லை. அவன் நின்றபடியே கேட்டான். நடுவில் ஒரு தடவை மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இவ மேல தப்பு இல்லியா மேடம்?"

"இல்ல."

"சரி," என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை "சரி" என்றான். பிறகு, "இப்ப வேற எதுனா மருந்து குடுக்கணுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் போய்க் குழாயடியில் முகம் கழுவினான். நீண்ட நேரம் கழுவினான்.

அப்போதுதான் அடுத்த வீட்டு வாசலில் ஒரு பெண் நிற்பதைக் கவனித்தேன். நாற்பது வயதிருக்கும். தோளில் அளவெடுக்கும் டேப். உள்ளே தையல் மெஷினில் பாதி தைத்த ஜாக்கெட் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றாரோ, எல்லாம் கேட்டிருந்தார்.

"அப்ப என் மேலயும் இல்லியா மேடம்?" என்றார்.

இவரைப் பற்றி நான் ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. மருந்து கொடுக்காமல் விட்ட பக்கத்து வீட்டு அக்கா. குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகும் அவர் அதன் பக்கமே வரவில்லை என்றும், வாசல் கதவைக்கூடச் சாத்தியே வைத்திருந்தார் என்றும் பிறகு நர்ஸ் சொன்னார்.

"இல்லக்கா," என்றேன். "வாந்தி எடுத்தா யாரா இருந்தாலும் பயப்படுவாங்க. வாந்தி எடுத்தா என்ன செய்யணும்னு நாங்க சொல்லி அனுப்பல."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த நிமிடம் தையல் மெஷின் ஓடும் சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

திரும்பி நடக்கும்போது கால் வலித்தது. பாரம் இறங்கிய மாதிரி இருந்ததா என்று கேட்டால், இல்லை. செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று முடிந்த மாதிரி மட்டும் இருந்தது. மாலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பொன்னேரியில் இறங்காமல் தூங்கிவிட்டேன். அத்திப்பட்டு தாண்டித்தான் விழித்தேன்.

நாலு பேர் வந்து வாசலில் நிற்பார்கள் என்று தோழி சொன்னது நடக்கவில்லை. யாரும் வரவில்லை. நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, இன்னொரு எடை மெஷின் வேண்டும் என்று கேட்டு மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். எழுதியதற்குப் பதில் வரவில்லை. மெஷின் மட்டும் ஏழு மாதம் கழித்து வந்தது. அதுவரை புதன்கிழமைகளில், ஆன்டிபயாட்டிக் வேண்டிய குழந்தைகளை மட்டும், நர்ஸ் எந்த ஊரில் இருக்கிறாரோ அங்கே போய் எடை பார்த்து வரச் சொன்னேன். சிலர் போனார்கள். சிலர் என்னைத் திட்டிக்கொண்டே மருந்துக் கடைக்குப் போனார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பழைய கம்பெனியில் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சில மாதம் வீட்டில் இருந்துவிட்டு வேறு ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்தாள். கணவன் பேச ஆரம்பித்துவிட்டான் என்று நர்ஸ் சொன்னார். எப்போது, எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை.

இப்போது மருந்து எழுதும் முன் நான் கேட்கும் கேள்விகள் கூடிவிட்டன. மத்தியானம் வீட்டில் யார் இருப்பார்கள்? அம்மாவுக்கு எந்த ஷிப்ட்? அடுத்த வாரம் ஷிப்ட் மாறுமா? காலை, இரவு என்று இரண்டே வேளையில் கொடுக்கக்கூடிய மருந்தாக இருந்தால், நாளைக்கு வேண்டிய மொத்த அளவையும் இரண்டாகப் பிரித்து எழுதுகிறேன், பெற்றவளின் கையாலேயே போய்ச் சேரும். கொடுத்ததும் வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்று சொல்கிறேன். மூடியில் கோடு போட்டுக் காட்டச் சொல்லி மருந்தாளுநரை நச்சரிக்கிறேன். ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. வரிசையில் நிற்பவர்கள், "இன்னா மேடம், கத கேட்டுக்கினு கீறீங்க" என்கிறார்கள். அவர்களுக்கும் வேலைக்குப் போக வேண்டும். மணி மூன்றாகிவிடுகிறது சாப்பிட. அப்படியும் எல்லாம் சரியாக எழுதுகிறேன் என்று சொல்ல மாட்டேன். அறுபதாவது குழந்தைக்கு மேல் பெருக்கல் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அவள் போன வருடம் தை மாதத்தில் ஒரு நாள் வந்தாள். குழந்தைக்கு ஜுரமும் மூக்கு ஒழுகலும். ஸ்வெட்டர் எதுவும் போடாமல் கூட்டி வந்திருந்தாள், நான் கழற்றச் சொல்வேன் என்று. நெஞ்சு, காது, தொண்டை எல்லாம் பார்த்தேன். சளிக் காய்ச்சல்தான்.

"ஆன்டிபயாட்டிக் வேணாம்மா. ஜுரத்துக்கு மட்டும் மருந்து போதும்."

"கண்டிப்பா வேணாமா மேடம்?"

"வேணாம். இது அந்தக் கிருமி இல்ல. மூணு நாள் பாரு. மூச்சு வாங்கினா, சாப்பிடாம படுத்தா உடனே கூட்டி வா."

"நெஞ்சுல ஒண்ணும் இல்லியே?"

"இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதை நம்புவதற்கு அவளிடம் என்ன காரணம் இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

பத்து நாள் கழித்துக் கும்மிடிப்பூண்டி பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். புதுக் கம்பெனி அட்டை கழுத்தில் இருந்தது.

"சரியாப் போச்சாம்மா?"

"ஆச்சு மேடம். ஒரு நாளு பாத்தேன். மனசு கேக்கல. மெடிக்கல்ல சொல்லி அந்த ஆன்டிபயாட்டிக்க வாங்கிட்டேன்." மறைக்காமல், நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"எத்தன நாள் குடுத்த?"

"ரெண்டு நாளு. ஜொரம் வுட்டுச்சி, நிறுத்திட்டேன்."

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அந்த மருந்து தேவையே இல்லை, ஜுரம் தானாக விட்டிருக்கும், தேவைப்பட்டாலும் இரண்டு நாளில் நிறுத்தக் கூடாது. நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் கம்பெனி பஸ் வந்து நின்றது. "வரேன் மேடம்" என்று ஏறிக்கொண்டாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் ஷேர் ஆட்டோவுக்காக நின்றேன்.